மறு: ‘தானியங்கி மின்தடை’ வேண்டாம், ‘தேய்வுநிரவி’ எப்படி இருக்கிறது?

குழுவினருக்கு வணக்கம்.

டிரெய்லரில் வரும் ‘செல்ஃப் அட்ஜஸ்டிங் எலக்ட்ரிக் பிரேக்’குக்கு, அதாவது தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் மின்சார பிரேக்குக்கு, ‘தானியங்கி மின்தடை’ என்று குழுவில் வந்த சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் மின்தடையை முதலில் முடித்துவிடலாம். பிரேக்குக்குத் தடை என்பது நல்ல தமிழ்தான், ஆனால் முன்னால் ‘மின்’ சேர்ந்த உடனே அது வேறு பொருளாகிவிடுகிறது. பேப்பரில் ‘நாளை மின்தடை’ என்று வந்தால் கரண்ட் இருக்காது, பள்ளிப் பாடத்தில் ஓம் விதிப் பக்கத்தில் வரும் மின்தடை வேறு. மூன்றாவது பாரத்தையும் அந்தச் சொல்லின் மேலேயே ஏற்ற வேண்டாம். பட்டறையில் எல்லோரும் பிரேக் என்கிறார்கள், மின் பிரேக் என்றே இருக்கட்டும்.

என் கவலை ‘தானியங்கி’யில். அந்தச் சொல் என்ன செய்யும் என்று நேரில் பார்த்துவிட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீடாமங்கலம் பக்கம் ஒரு பட்டறையில், அமெரிக்காவில் இருந்து ஊர் திரும்பிய ஒருவருக்காக டிரெய்லர் கட்டினார்கள். அச்சும் பிரேக்கும் அங்கிருந்தே வரவழைத்தவை. மாட்டும் முறையைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான், ‘தானியங்கி பிரேக்’ என்றுதான் எழுதினேன். மாட்டிய தம்பி வேலையில் கெட்டிக்காரர். “அதான் தானியங்கின்னு போட்டிருக்கே சார், தானா டைட் ஆயிடும்” என்று சக்கரத்தின் நடுக் குடத்தை (ஹப்) அச்சில் ஏற்றி நட்டை முடுக்கிவிட்டார். நம் பக்கம் சமவெளி, இறக்கம் என்றால் ஆற்றுப் பாலத்தில் இருந்து இறங்கும் இடம்தான். வெண்ணாற்றுப் பாலத்தில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பிடிக்கவே இல்லை, முன்னால் அதை இழுத்துப் போன வண்டியை முதுகில் கை வைத்துத் தள்ளுவது போலத் தள்ளிக்கொண்டு வந்தது. வயரைப் பார்த்தோம், பிரேக்கின் உள்ளே இருக்கும் மின்காந்தத்துக்கு 12 வோல்ட் ஒழுங்காகப் போகிறது. கோளாறு எதுவும் இல்லை, முதல் தடவை கையால் டைட் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த பிரேக்கின் உள்ளே நடப்பது இதுதான். கரண்ட் வந்ததும் காந்தம், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மின் உள்முகத்தில் ஒட்டி இழுபடும், அதோடு சேர்ந்த கை திரும்பி, டிரம்மில் அழுந்திப் பிடிக்கும் ஷூவை விரிக்கும். ஷூவின் மேல் ஒட்டிய லைனர் தேயத் தேய டிரம்முக்கும் அதற்கும் இடைவெளி கூடும் இல்லையா, அப்போது வண்டி முன்னால் போகையில் பிரேக் பிடித்தால் ஒரு கம்பிக் கயிறு ‘நாக்கு’ என்று நான் சொல்லும் சிறு துண்டை இழுத்து, ஷூக்களின் இடைவெளியைக் குறைக்கும் பல்சக்கரத்தைக் கீழே ஒரு பல் தள்ளும். ஒரு பல் அளவுக்குத் தேய்மானம் சேர்ந்தால்தான் ஒரு பல் நகரும். புதிதாக மாட்டும்போது இருக்கிற பெரிய இடைவெளிக்கு இது போதாது, காந்தத்தின் கை தன் வீச்சையெல்லாம் அந்த இடைவெளியைக் கடக்கவே செலவழித்துவிடும், ஷூவை அழுத்த மிச்சம் இருக்காது.

ஆகவே முதலில் கைவேலை. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டின் அடியில் உள்ள துளையின் ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, திருப்புளியால் பல்சக்கரத்தைச் சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி இறுகும்வரை தள்ளவேண்டும். பிறகு லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்குத் தளர்த்தவேண்டும். இங்கேதான் எல்லோரும் திணறுகிறார்கள், ஏனென்றால் நாக்கு பல்லைப் பின்னால் திரும்ப விடாது. மெல்லிய திருப்புளி ஒன்றை உள்ளே விட்டு நாக்கைப் பல்லில் இருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்சக்கரத்தைத் திருப்பவேண்டும். அந்தத் தம்பி மண்ணில் மல்லாந்து படுத்து ஒரு கையில் டார்ச்சோடு செய்தபோது, ஒவ்வொரு பல்லும் ‘டிக்’ என்று விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டே செய்தார். அப்புறம் லைனர் படியவேண்டும்: மணிக்கு 65 கிலோமீட்டரில் இருந்து 30 வரை, 20 முதல் 30 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவே டிரம்மை ஆற விட்டு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நம் ஊரில் வயலை நிரவுகிறோம். மேடு பள்ளம் சிறிதாக இருந்தால் நிரவினாலே சமமாகிவிடும். ஆனால் முழங்கால் ஆழப் பள்ளத்தை யாரும் நிரவ மாட்டார்கள், முதலில் மண் வெட்டிக் கொட்டிவிட்டுத்தான் நிரவுவார்கள். இந்தக் கருவியும் அப்படித்தான், தேய்வால் வரும் சிறு பள்ளத்தை அன்றன்றைக்குச் சமன் செய்கிறது. அதனால் ‘தேய்வுநிரவி’, முழுதாகச் சொன்னால் ‘தேய்வுநிரவி மின் பிரேக்’. மாட்டியதும் கையால் வைக்கும் டைட்டுக்கு ‘முதலிறுக்கம்’. ‘தேய்வீடு’ என்றும் யோசித்தேன், ஈடுசெய்தல் என்ற பொருளில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் படிப்பவர் கண்ணில் ‘வீடு’ வந்து நிற்கிறது, விட்டுவிட்டேன். குழுவில் வந்த ‘தானிறுகி’யையும் என்னால் ஏற்க முடியவில்லை, அதைக் கேட்கும் ஓட்டுநர் பிரேக் ஓடும்போதே தானாக இறுகிச் சக்கரத்தைப் பூட்டிவிடுமோ என்று பயப்படுவார். காரைக்கால் பக்கம் நிரவி என்று ஊர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், டிரெய்லர் அடியில் படுத்திருப்பவருக்கு அதில் குழப்பம் வராது.

பட்டறைச் சுவரில் ஒட்டிய தாளை மாற்றி எழுதிவிட்டேன், முதல் வரியே முதலிறுக்கம்தான். பல்சக்கரத்தைத் திரும்ப விடாத அந்தத் துண்டுக்கு மட்டும் ‘நாக்கு’ என்று நானாக வைத்திருக்கிறேன். திருபுவனம் பக்கம் தறி வேலை தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால், தறியில் துணி சுற்றும் உருளையைப் பின்னால் திரும்ப விடாமல் பிடிக்கும் துண்டை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள், அதையே இங்கும் போட்டுவிடலாம்.