புதுப்பிப்பு: மோன் ட்ரம்ப்ளான் உச்சியிலிருந்து இறங்கிவிட்டேன்

போன வாரம் இதே இழையில், "இரண்டாவது முறையாகப் பனிச்சறுக்குப் போகிறேன், உச்சியிலிருந்து இறங்கலாமா?" என்று கேட்டிருந்தேன். இறங்கிவிட்டேன்! கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இருக்கும் மோன் ட்ரம்ப்ளான் மலை, 875 மீட்டர் உயரம். நீங்கள் பலர் சொன்ன நான்சன் பாதைதான்: பச்சை வட்டக் குறி (எளிதான பாதை என்று அர்த்தம்), ஏறக்குறைய 6 கிலோமீட்டர்.

காலை முதல் லிஃப்டைப் பிடிக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. இரவில் இயந்திரம் சீவிவிட்ட பனி, கார்டுராய் துணி மாதிரி வரிவரியாகக் கிடந்தது. அதன்மேல் பலகை ஓடும்போது எழும் மெல்லிய கரகரப்பு இன்னும் காதிலேயே இருக்கிறது. பாதி வழியில், புதியவர்கள் செய்வதுபோல் பலகைகளின் முன்முனைகளைக் குவித்து வேகம் தணிக்காமல், முதல் தடவையாக இரண்டு பலகையும் இணையாகத் திரும்பின. சந்தோஷத்தில் கத்தியே விட்டேன்.

பதினொரு மணிக்கு மேல் கூட்டம் வரிகளை அழித்துவிட்டது. நடுவில் பனி சுரண்டப்பட்டு, அடியில் இறுகிய தளம் தெரிந்தது. ஓரத்தில் தளர்ந்த பனி ஒதுங்கியிருக்கும், அங்கே திரும்புவது எளிது. இதை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மதியம் நீலச் சதுரக் குறியிட்ட, பச்சையைவிடச் சற்றுக் கடினமான பாதை ஒன்று. இருமுறை விழுந்தேன், அடியில்லை. தொடை நடுங்கத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டேன்.

வாடகை பூட்ஸ் பற்றிக் கேட்டவருக்கு: மெல்லிய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி போதும். இரண்டு போட்டால் மடிந்து காலை அழுத்தும்.