பிள்ளை பராமரிப்புக் காசும் ஒரு பற்றுச்சீட்டும்

"அயலும் உறவும் – ஸ்காபரோ" வாட்ஸ்அப் குழு
2026 மார்ச் 7, சனிக்கிழமை

மூன்றாம் வீட்டு அக்கா (மாலை 6.12):
எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி, இதைத் தனியாகக் கேட்கலாமா என்று யோசித்தேன். மற்றப் பெற்றோருக்கும் இதே தேவை இருக்கும் என்பதால் குழுவிலேயே கேட்கிறேன். சென்ற ஆண்டு என் சின்னவனை உங்கள் வீட்டில் விட்டதற்கு வாரம் 200 டொலர் வீதம் 50 வாரங்களுக்குப் பணம் தந்தேன். வருமானவரிப் படிவத்தில் அதை வருமானத்திலிருந்து குறைக்கும் கழிவாகக் காட்டுவதற்கு உங்கள் பற்றுச்சீட்டு வேண்டும் என்றும், அதில் உங்கள் சின் இலக்கம் (கனடா அரசு தந்த சமூகக் காப்புறுதி இலக்கம்) இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எழுதித் தர முடியுமா?

சின்னக்கா (மாலை 6.41):
அக்கா, தரக்கூடாது என்ற எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் பெற்றோரும் தந்ததைக் கூட்டினால் 30,000 டொலர் வருகிறது. பாதிக்கு மேல் கையில் காசாகத்தான் வந்தது. பாலும் பழமும் விளையாட்டுச் சாமானுமாக அதில் எவ்வளவோ போய்விட்டது. பற்றுச்சீட்டு எழுதினால் அந்த 30,000 டொலருக்கும் வரி கட்ட வேண்டி வருமோ, என் பிள்ளைகளுக்கு அரசு தருகிற மாதக் கொடுப்பனவு நின்றுவிடுமோ என்று நினைத்து நேற்று இரவு நித்திரையே இல்லை. மாமா, இதைப் பார்த்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

அத்தான் (மாலை 6.48):
என்னோடு வேலை செய்பவர் ஒருவர், காசாக வாங்கியதை யாரும் காட்டுவதில்லை, பேசாமல் விடுங்கள் என்று சொல்கிறார். எது சரி என்று தெரியாமல் இருவரும் குழம்பிப் போயிருக்கிறோம்.

மாமா (இரவு 7.30):
பிள்ளை, முதலில் பயத்தை விடு. முப்பது வருடமாக இந்த ஊரில் மற்றவர்களின் வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீ செய்தது நேர்மையான தொழில், அதைக் காட்டுவதால் உனக்குக் கேடு எதுவும் வரப்போவதில்லை. ஆனால் மருமகனின் நண்பர் சொன்னதை மட்டும் கேட்காதீர்கள். காசாக வந்தாலும், காசோலையாக வந்தாலும், வங்கி வழியாக வந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது ஒரே வருமானம்தான். மூன்றாம் வீட்டுத் தங்கச்சி தன் கழிவைக் கேட்பதற்கு நிரப்பும் ரி778 என்ற படிவத்தில், யாருக்குப் பணம் கொடுத்தார், அவருடைய சின் இலக்கம் என்ன என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவர் எழுதும் 10,000 டொலர் உன்னுடைய படிவத்தில் இல்லாவிட்டால், கனடா வரித் திணைக்களமான சி.ஆர்.ஏ. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிக நேரம் எடுக்காது. அவருக்கு உரிய கழிவை நீ மறுப்பதும் நியாயமில்லை. உன்னை நம்பிப் பிள்ளையை விட்டவர் அவர்.

இனி உன் முதற் பயத்துக்கு வருகிறேன். வரி 30,000 டொலருக்கு அல்ல. அந்தத் தொகையை ஈட்டுவதற்கு நீ செய்த செலவுகளைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்கு மட்டுமே. அந்தக் கணக்கை எழுதுவதற்கு ரி2125 என்ற படிவம் இருக்கிறது. பிள்ளைகளின் சாப்பாடு, விளையாட்டுச் சாமான், வர்ணப் பென்சில், சுத்தம் செய்யும் பொருட்கள் எல்லாம் அதில் சேரும். உன்னிடம் பற்றுச்சீட்டுகள் இருக்கின்றனவா?

சின்னக்கா (இரவு 7.44):
சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டு வைத்திருக்கிறேன், மாமா. ஆனால் எங்கள் வீட்டு அரிசியும் பிள்ளைகளின் பாலும் ஒரே சீட்டில் இருக்கின்றன.

மாமா (இரவு 8.05):
அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒவ்வொரு சீட்டிலும் பராமரிப்புப் பிள்ளைகளுக்கு வாங்கியதை மட்டும் மஞ்சள் பேனையால் கோடிட்டு, அந்தத் தொகையைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுது. உங்கள் குடும்பம் சாப்பிட்டதை ஒரு சதமேனும் அதில் சேர்க்காதே. சீட்டுகளை ஆறு வருடங்களுக்கு வைத்திருக்க வேண்டும். கடைச் சீட்டின் எழுத்து வெயில் பட்டால் மங்கிவிடும் என்பதால் தொலைபேசியில் படமும் எடுத்து வை.

மார்கழியில் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட நீலக் கொப்பியைப் பார்த்தேன். "7.35, சின்னவன், மருந்து பையில். 5.20, தகப்பன் வந்தார்" என்று ஒவ்வொரு நாளும் நீ எழுதி வைத்திருந்தாய். அதைத் தூக்கி எறிந்துவிடாதே. எத்தனை நாள், எத்தனை மணித்தியாலம் வீடு இந்தத் தொழிலுக்குப் பயன்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அத்தான் (இரவு 8.11):
வீட்டு வாடகையையும் காட்டலாமா, மாமா? வாடகையும் மின்சாரம், எரிவாயு, காப்புறுதி எல்லாமுமாக ஒரு வருடத்துக்கு 35,000 டொலர் போகிறது.

மாமா (இரவு 8.40):
முழுவதையும் அல்ல, ஒரு பங்கைக் காட்டலாம். பிள்ளைகள் விளையாடும் இருக்கை அறையையும் நித்திரை கொள்ளும் அறையையும் மாலையில் நீங்களும் பாவிக்கிறீர்கள் என்பதால், இடத்தையும் நேரத்தையும் சேர்த்தே பங்கு போட வேண்டும். உங்கள் வீடு 1,500 சதுர அடி. பிள்ளைகள் பாவிப்பது 600, அதாவது 40 வீதம். ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம், 250 நாட்கள் என்றால் 2,500 மணித்தியாலம்; ஒரு வருடத்தில் இருப்பது 8,760. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 11.4 வீதம் வரும். 35,000 டொலரில் அது 3,995. சாப்பாட்டுக்கு 4,200, மற்றச் சாமான்களுக்கு 1,100 என்று நீ முன்பு சொன்ன தொகைகளையும் கழித்தால் உன் நிகர வருமானம் 20,705 டொலர்.

சொந்த வீட்டில் இதே தொழிலைச் செய்கிறவர்களும் இந்தக் குழுவில் இருப்பதால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வீட்டுக் கடனில் வட்டியின் பங்கை மட்டும் காட்டலாம், முதற்பணத்தைக் காட்ட முடியாது. வீட்டுக் கட்டடத்துக்குத் தேய்மானம் கேட்கவே கேட்காதீர்கள். இன்று சில நூறு டொலர் மிச்சம் பிடிக்கப் போய், வீட்டை விற்கும் நாளில் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடைக்கிற வரிவிலக்கின் ஒரு பகுதியை இழந்துவிடுவீர்கள்.

சின்னக்கா (இரவு 8.52):
அப்படியானால் 20,705 டொலருக்கு எவ்வளவு கட்ட வேண்டி வரும், மாமா?

மாமா (இரவு 9.20):
உன் விடயத்தில் வருமானவரியைவிடச் சி.பி.பி. ஓய்வூதியப் பங்களிப்புத்தான் பெரிது. வேலைக்குப் போகிறவருக்கு அதில் பாதியை முதலாளி கட்டுகிறார். சுயதொழில் செய்கிறவர் இரண்டு பாதியையும் தானே கட்ட வேண்டும். முதல் 3,500 டொலரை விட்டு மிகுதிக்கு 11.9 வீதம், உனக்கு ஏறக்குறைய 2,047 டொலர் வரும். வருமானவரி அவ்வளவு வராது. 2025ஆம் ஆண்டுக்குக் கூட்டாட்சி அரசு 16,129 டொலர் வரைக்கும் ஒன்றாறியோ மாகாணம் 12,747 டொலர் வரைக்கும் அடிப்படைச் சலுகை தருவதால், மிஞ்சியதற்குச் சில நூறு டொலர்தான் கட்ட வேண்டியிருக்கும். அந்த 2,047 டொலரை வீணாகப் போன காசாக நினைக்காதே. நம் பெண்கள் எத்தனையோ பேர் இருபது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளை வளர்த்துவிட்டு, ஒரு வருடமும் கணக்குக் காட்டாததால் அறுபத்தைந்து வயதில் சி.பி.பி. என்ற பெயரில் ஒன்றுமே இல்லாமல் என் முன்னால் வந்து இருந்திருக்கிறார்கள். அவர்களின் முகத்தை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கூடவே, இந்த வருமானத்தில் 18 வீதம் 2026ஆம் ஆண்டுக்கான உன் ஆர்.ஆர்.எஸ்.பி. எல்லையில், அதாவது வரிச் சலுகையோடு ஓய்வுகாலத்துக்குச் சேமிக்கக்கூடிய தொகையில் சேரும்.

பாதகமானதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உனக்கு வருமானமே இல்லாதபோது மருமகன் தன் படிவத்தில் மனைவிக்கான சலுகையைக் கேட்டு வந்தார். கூட்டாட்சி வரியில் மட்டும் அதன் பெறுமதி ஏறக்குறைய 2,300 டொலர். உன் நிகர வருமானம் 16,129 டொலரைத் தாண்டிவிட்டதால் இந்த வருடம் அதைக் கேட்க முடியாது. பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவும் குறையும், ஆனால் நின்றுவிடாது. 2026 யூன் வரையான கணக்கில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு வருடத்துக்கு அதிகபட்சம் 7,997 டொலரும் அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 6,748 டொலரும் கிடைக்கும். குடும்ப நிகர வருமானம் 37,487 டொலரைத் தாண்டியபின், உங்களைப் போல இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுகிற ஒவ்வொரு 100 டொலருக்கும் 13 டொலர் 50 சதம் குறையும். இந்த மாற்றம் யூலையில்தான் தெரியும் என்பதால் இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இருவரில் ஒருவர் படிவம் அனுப்பாமல் விட்டால்தான் கொடுப்பனவு முழுவதும் நிற்கும்.

மூன்றாம் வீட்டு அக்கா (இரவு 9.34):
அண்ணா, என் கணவருக்குச் சம்பளம் கூட. அவர் இந்தக் கழிவைக் கேட்டால் அதிக மிச்சம் வருமே? சின்னவனுக்கு நாலு வயது. கழிவு 8,000 டொலருக்கு மேல் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். நான் கொடுத்தது 10,000.

மாமா (இரவு 9.50):
குறைந்த நிகர வருமானம் உள்ளவர்தான் கேட்க வேண்டும் என்பது விதி; மற்றவர் முழுநேரம் படிப்பது, நோயில் இருப்பது போன்ற சில நிலைகளில்தான் அது மாறும். ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும், தங்கச்சி. எல்லையைப் பற்றிக் கேள்விப்பட்டது சரி, ஆனால் அது பாதிதான். ஏழு வயதுக்குக் கீழ் 8,000, ஏழிலிருந்து பதினாறு வரை 5,000 என்ற எல்லைகளைக் கூட்டி, அந்த மொத்தத்துக்குள் எந்தப் பிள்ளைக்குச் செலவழித்தாலும் கேட்கலாம். உங்கள் மூத்தவனுக்கு எட்டு வயது என்பதால் உங்கள் எல்லை 13,000. ஆகவே சின்னவனுக்குக் கொடுத்த 10,000 டொலரும் முழுவதுமாக அடங்கும். உங்கள் உழைப்பு வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற இன்னொரு எல்லையும் உண்டு. உங்கள் சம்பளத்துக்கு அது தடையாக இருக்காது.

அம்மா (இரவு 10.02):
தம்பி, எனக்கும் ஒரு சந்தேகம். பெரியவளின் பிள்ளையைப் பகலில் நான் பார்க்கிறேன். அவள் மாதம் 300 டொலர் தருகிறாள். அதையும் எழுத வேண்டுமா? பேரப்பிள்ளையைப் பார்ப்பதற்குக் கூலி வாங்கினேன் என்று எழுத மனம் ஒப்பவில்லை. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் ஜி.ஐ.எஸ். கொடுப்பனவு குறைந்துவிடும் என்றும் பயமாக இருக்கிறது.

மாமா (இரவு 10.20):
அக்கா, மகள் தாய்க்கு அன்பாகக் கொடுக்கும் காசு வருமானம் ஆகாது. அதை அப்படியே விடலாம். ஆனால் அவள் அதைப் பராமரிப்புச் செலவாகத் தன் படிவத்தில் கேட்க விரும்பினால், நீங்கள் பற்றுச்சீட்டு எழுதி, உங்கள் வருமானமாகவும் காட்ட வேண்டும். ஒரே காசை அவள் பக்கம் செலவென்றும் உங்கள் பக்கம் அன்பளிப்பென்றும் சொல்ல முடியாது. பிள்ளையின் தாய், தகப்பனுக்கோ, பதினெட்டு வயது ஆகாத உறவினருக்கோ கொடுத்தால்தான் கழிவு இல்லை; பாட்டிக்குக் கொடுக்கலாம். வருடத்துக்கு 3,600 டொலர்தான் வருகிறது. ஜி.ஐ.எஸ். கணக்கில் உழைப்பாலும் சுயதொழிலாலும் வரும் முதல் 5,000 டொலரைச் சேர்ப்பதில்லை என்பதால் உங்களுக்குக் குறையாது. எழுபது வயதைத் தாண்டிவிட்டதால் சி.பி.பி. கட்டவும் தேவையில்லை.

அம்மா (இரவு 10.26):
அப்படியென்றால் எழுதித் தருகிறேன். பெரியவளுக்கு அந்தக் கழிவு கிடைக்கட்டும்.

பெரியக்கா (இரவு 10.31):
நன்றி, அம்மா. மாமா, என் சிநேகிதி ஒருத்தி மூன்று வருடமாக வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கிறாள், ஒன்றையும் காட்டவில்லை. இப்போது திருத்த நினைக்கிறாள், தண்டம் விழும் என்று தயங்குகிறாள்.

மாமா (இரவு 10.45):
தாமாக முன்வந்து சொல்கிறவர்களுக்கென்று சி.ஆர்.ஏ. ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் வரியும் வட்டியின் ஒரு பகுதியும் கட்ட வேண்டியிருக்கும், தண்டத்திலிருந்து விடுதலை கிடைக்கும். அவர்களிடமிருந்து கடிதம் வருவதற்கு முன்பே போவதுதான் நல்லது. ஒரு கணக்காளரோடு இந்தக் கிழமையே பேசச் சொல்.

திகதிகளையும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். சுயதொழில் செய்கிறவரும் அவருடைய துணையும் படிவம் அனுப்ப யூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் காசு கட்டுவதற்கு ஏப்ரல் 30தான் கடைசி நாள், மறுநாளே வட்டி தொடங்கிவிடும். படிவமே பிந்தினால் கட்ட வேண்டிய தொகையில் 5 வீதமும், பிந்துகிற ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 வீதமாகப் பன்னிரண்டு மாதம் வரையும் தண்டம் விழும். கையில் காசில்லாவிட்டாலும் படிவத்தை நேரத்துக்கு அனுப்பிவிடுங்கள். மிகுதியைத் தவணையாகக் கட்டச் சி.ஆர்.ஏ.யுடன் பேசலாம்.

வரியோடு சேராத ஒன்று, பிள்ளை. உரிமம் இல்லாமல் வீட்டில் பார்க்கிறவர் பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட ஐந்து பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு வயது ஆகாதவர்கள் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது. உன் கடைக்குட்டிக்கு நாலு வயது ஆகும்வரை அவனும் அந்தக் கணக்கில்தான்.

சின்னக்கா (இரவு 11.04):
விளங்குகிறது, மாமா. எனக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா, உங்கள் பற்றுச்சீட்டை இப்போதே எழுதிவிட்டேன்: என் பெயர், விலாசம், உங்கள் பெயர், சின்னவனின் பெயர், 2025 தை முதல் மார்கழி வரை, 10,000 டொலர், என் கையெழுத்து. சின் இலக்கமும் போட்டுப் படம் எடுத்திருக்கிறேன். இதோ அனுப்புகிறேன்.

இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

மாமா (இரவு 11.07):
நல்ல வேளை, உடனே அழித்துவிட்டாய். நானும் அதைத்தான் எழுத வந்தேன். நாற்பது பேர் இருக்கும் குழுவில் சின் இலக்கத்தைப் போடாதே. கடித உறையில் வைத்து, கையில் கொடு.

சின்னக்கா (இரவு 11.09):
படம் போன பிறகுதான் யோசித்தேன், மாமா. அக்கா, திங்கட்கிழமை காலை சின்னவனை விட வரும்போது வாசலில் தருகிறேன். மற்ற இரண்டு வீட்டுக்கும் நாளைக்கு எழுதிவிடுவேன்.

மூன்றாம் வீட்டு அக்கா (இரவு 11.12):
சரி, தங்கச்சி. 7.35க்கு வருகிறேன்.