ஒரு வருஷத்துல நான் மாறிட்டேன்னு வீட்ல சொல்றாங்க, பாராட்டா திட்டான்னு தெரியல

ஈசூன்காரன்:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போற ஆளு நான், இன்னிக்குத்தான் முதல் தடவ எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க.

போன வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. நம்ம சிங்கப்பூர்லதான் 1968லேர்ந்து அன்னிக்கு பொது விடுமுறை கிடையாதே, லீவு போட்டுட்டு பால்குடம் எடுத்தேன். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்லேர்ந்து டேங்க் ரோடு முருகன் கோயில் என்ன பெரிய தூரமா, நாலு கிலோமீட்டர்கூட முழுசா இருக்காது, சிலிகி ரோடு தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கி கண்ண கட்டிக்கிட்டு வந்துருச்சு, ஓரமா நின்னுட்டேன். காவடி எடுத்துட்டு போன ஒரு பெரியவர், என்னவிட பதினஞ்சு வயசாவது மூத்தவரு இருப்பாரு, "மெதுவா வாங்க தம்பி"ன்னு சொல்லிட்டு நிக்காம போய்க்கிட்டே இருந்தாரு. அது குத்துச்சு. அப்ப எனக்கு 46, எடை 94.

அடுத்த வாரமே பாலிகிளினிக் போனேன். மூணு மாச சராசரி சுகர் 6.4. வெறும் வயித்துல இன்னொரு தடவ ரத்தம் எடுத்துப் பாத்துட்டு இன்னும் வியாதி ஆகல, ஆனா வாசப்படில நிக்குது, இப்பவே நடங்கன்னு டாக்டர் சொன்னாங்க. சரின்னு ஒரு நோட்டுல எட்டு விஷயம் எழுதி வச்சேன். தினமும் நடக்கறது, தே தாரே (பால் போட்டு ஆத்தின டீ) நிறுத்தி தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ), ராத்திரி சோறு இல்ல, இப்படி. ஏப்ரல்ல வேலை போச்சு, அக்டோபர்ல வேற கிடைச்சிருச்சு, சம்பளம் கொஞ்சம் கம்மி, பரவால்ல. டிசம்பர்ல திரும்ப டெஸ்ட், 5.8. எடை 81.

இந்த வருஷம் தைப்பூசம் ஞாயித்துக்கிழமையே வந்துச்சு, பிப்ரவரி 1. எங்கயும் நிக்கல. கிளமென்சோ அவென்யூல திரும்பறப்ப போன வருஷத்த நெனச்சு கண்ணு கலங்கிருச்சு, உண்மையாவே.

வீட்டுக்கு வந்து வேட்டிய மாத்திக்கிட்டு இருக்கேன், சம்சாரம் வாசல்ல நின்னு பாத்துட்டு "நீங்க ரொம்ப மாறிட்டீங்க"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. உள்ள போயிட்டா. அதுலேர்ந்து மனசு ஒரு மாதிரி இருக்கு. எட்டுல ஆறு செஞ்சிருக்கேன், நம்பர் எல்லாம் நல்லாருக்கு, அப்புறம் ஏன் அவ குரல் அப்படி இருந்துச்சு? ஒரு வருஷத்த திரும்பி பாக்கறப்ப நீங்கல்லாம் எத வச்சு கணக்கு போடுவீங்க?

பூன்லே அக்கா:

அண்ணே மொதல்ல வாழ்த்து, 6.4லேர்ந்து 5.8 சும்மா இல்ல. எங்க வீட்டுக்காரரும் ரெண்டு வருஷம் முன்னாடி இப்படித்தான் ஆரம்பிச்சாரு, ஆரம்பத்துல எனக்கு சந்தோஷம், அப்புறம் பாத்தா பசியாறப்பயும் அந்த நடை எண்ணுற செயலி, தூங்கப்போறப்பயும் அந்த செயலி, பத்தாயிரம் ஸ்டெப் முடியலன்னு ராத்திரி பதினோரு மணிக்கு புளோக்க சுத்தி சுத்தி வருவாரு, கீழ்வீட்டு மலாய் ஆண்டி திருடன்னு நெனச்சிட்டாங்க. நான் இட்லி அவிச்சு வச்சா எத்தன கலோரின்னு கேப்பாரு. ஆக்கி போடற கைக்கு அது எப்படி இருக்கும்னு நெனச்சு பாருங்க.

என் கதையும் கொஞ்சம் சொல்றேன். பதினோரு வருஷம் வீட்ல இருந்தேன். 40 தாண்டினவங்களுக்கு 2024 மே மாசம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்குல, அதான் புதுசா படிக்க அரசாங்கம் குடுக்கற காசு, 4,000 வெள்ளி (டாலர்) போட்டாங்கல்ல, அது சும்மாதான் கெடந்துச்சு, போன வருஷம் தைரியமா எடுத்து பாலர் பள்ளி தமிழ் டீச்சர் படிப்புக்கு பதிஞ்சேன். முதல் நாள் கிளாஸ்ல எனக்கு பக்கத்துல உக்காந்த புள்ளைக்கு 22 வயசு, ஐபேட்ல நோட்ஸ் எடுக்குது, நான் அந்த காலத்து குட்டி 555 நோட்டுப் புத்தகத்தோட போயிருக்கேன். இப்ப காலைல ஏழு மணிக்கு கிளம்பறேன், இருபது வாண்டுங்க "டீச்சர் டீச்சர்"னு காலக் கட்டுதுங்க, பாதி புள்ளைங்களுக்கு வீட்ல தமிழே இல்ல, "அம்மா இங்கே வா வா" சொல்லிக்குடுத்தா அதுங்க பேரண்ட்ஸ் வாட்ஸப்ல வீடியோ கேக்கறாங்க. எனக்கு சிறகு மொளச்ச மாதிரி இருக்கு. வீட்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "இப்பல்லாம் நீ சாம்பார் வைக்கறதே இல்ல." அவ்ளோதான், ஒரு வருஷத்துக்கு அவங்க போட்ட மார்க் அது. கோவமா வந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது, நாம வேற எங்கயோ போயிட்டோமோன்னு அவங்களுக்கு ஒரு பயம்.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. தைப்பூசத்துக்கு பத்து வரி எழுதியிருக்கீங்க, வேலை போனதுக்கு அரை வரி. ஏப்ரல்லேர்ந்து அக்டோபர், ஆறு மாசம்! அத அப்படியே தாண்டிட்டீங்களே. அங்கதான் என்னமோ இருக்குன்னு எனக்கு படுது.

கோப்பிக்கடை_மூலை:

சுகர் இறங்கிருச்சு, சம்சாரம் சூடு ஏறிருச்சு. ரெண்டாவதுக்கு பாலிகிளினிக்ல மருந்து கிடையாது லா. 😅

தஞ்சாவூர்_தம்பி:

அண்ணா நான் இங்க வந்து சரியா ஒரு வருஷம், எஸ் பாஸ் வேலை அனுமதில. நீங்க போன வருஷம் மூச்சு வாங்கி நின்ன அதே தைப்பூசத்துக்குத்தான் நான் முதல் தடவ வேடிக்கை பாக்க வந்தேன், நம்மூர் மாதிரி வழி முழுக்க மேளம் அடிப்பாங்கன்னு பாத்தா குறிப்பிட்ட இடங்கள்ல மட்டும்தான் வாத்தியம், மத்த இடத்துல சலங்கை சத்தம் மட்டும் கேக்குது, அது ஒரு மாதிரி புதுசா இருந்துச்சு.

எங்க அம்மாவும் அதேதான் சொல்றாங்க, மாறிட்டடான்னு. என்னம்மா மாறினேன்னு கேட்டா, போன்ல சரிம்மான்னு சொல்லாம இந்த ஊர்க்காரங்க மாதிரி "கேன் மா, கேன்"னு சொன்னேனாம், அப்புறம் முன்னாடியெல்லாம் அரை மணி நேரம் பேசுவ, இப்ப அஞ்சு நிமிஷம்னு. நான் இந்த ஒரு வருஷத்துல இங்க வர வாங்கின கடன்ல பாதி அடைச்சிருக்கேன், சமைக்க கத்துக்கிட்டேன், அத ஒண்ணும் சொல்லல. அஞ்சு நிமிஷத்ததான் சொல்றாங்க. பதில் தெரியல எனக்கு, ஆனா உங்க போஸ்ட் படிச்சிட்டு நேத்து நாப்பது நிமிஷம் பேசினேன், மாட்டுக்கு கன்னு பொறந்ததே எனக்கு தெரியாது.

பழைய_சிராங்கூன்:

தம்பி, எனக்கு 69. எத வச்சு கணக்கு போடறதுன்னு கேட்டீங்க. நான் எங்க வீட்டு கணக்கு நோட்ட வச்சு போடறேன்.

என் வீட்டுக்காரி முப்பது வருஷமா எழுதின பழக்கம். அரிசி, தேங்காய், கரண்டு பில்லு, பேத்திக்கு ஐஸ்கிரீம் ரெண்டு வெள்ளி, எல்லாம். 2024 ஆகஸ்ட்ல அவ போயிட்டா. அதுக்கப்புறம் என் கையெழுத்து. போன மாசம் சும்மா பொரட்டிப் பாத்தேன். அவ எழுதினதுல ஞாயிறுக்கு ஞாயிறு "தேக்கா, ஆட்டிறைச்சி" இருக்கு, தேக்கா சந்தைக்கு போறது ஒரு வாரம் தப்பாது. என் கையெழுத்து ஆரம்பிச்சதுலேர்ந்து ரொம்ப நாளைக்கு ஒண்ணுகூட இல்ல. தபாவ், தபாவ், தபாவ், ரொட்டி, தபாவ், எல்லாம் கடைல கட்டி வாங்கிட்டு வர்ற சாப்பாடு. நான் தேக்கா போறத நிறுத்திட்டேன்னு எனக்கே தெரியாது தம்பி. யாராவது கேட்டிருந்தா வாரா வாரம் போறேன்னுதான் சொல்லியிருப்பேன். நோட்டு சொல்லுது பத்து மாசமா போகலன்னு. அப்புறம் போன வருஷம் ஜூன்ல ஒரு வரி, "தேக்கா, அரை கிலோ, எலும்போட." அன்னிக்கு மகள் போன்ல சொல்ல சொல்ல முதல் தடவ கறி வச்சேன். உப்பு கரிச்சது, அதையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.

நீங்க எழுதின எட்டு விஷயம் நீங்க மாறணும்னு நெனச்சது. அத டிக் பண்றது பள்ளிக்கூட பிள்ளைங்க வேலை. எழுதாம மாறினது என்னன்னு பாருங்க. அந்த அக்கா கேட்டதுக்கு பதில் சொல்லுங்க.

ஈசூன்காரன்:

மூணு நாளா பதில் எழுதாம இருந்ததுக்கு மன்னிச்சிருங்க. அக்கா நீங்க சரியான இடத்துல கை வச்சிட்டீங்க.

வேலை போனத நான் வீட்ல சொல்லல. அஞ்சு வாரம். 14 வருஷம் வேல பாத்த இடம், ஒரு திங்கக்கிழமை ரூமுக்குள்ள கூப்பிட்டு பேப்பர குடுத்தாங்க, பக்கத்துல எச்ஆர்ல ஒரு பொண்ணு, என்னமோ அவதான் தப்பு பண்ணின மாதிரி தலைய குனிஞ்சிக்கிட்டு. மறுநாள் காலைலயும் எப்பவும் போல ஃபுல்ஹேண்ட் சட்டை, லெதர் ஷூ, லேப்டாப் பை (உள்ள லேப்டாப் இல்ல, தண்ணி போத்தல்தான்). எங்க போறதுன்னு தெரியாம எம்ஆர்டி ரயில்ல ஏறி கடைசில அந்த பழைய ரயில் பாதைல போய் நடந்தேன். தெரியும்ல, ஜோகூர் பக்கம் போற ரயில் ஓடின தடம், இப்ப நடைபாதை, உட்லண்ட்ஸ்லேர்ந்து தஞ்சோங் பகார் வரைக்கும் 24 கிலோமீட்டர். அங்க யாரும் ஆபீஸ் டிரெஸ்ல வர மாட்டாங்க. ஓடறவங்க சைக்கிள்காரங்க எல்லாம் ஒரு மாதிரி பாப்பாங்க. மழை வந்தா நூலகம், தமிழ் முரசு பேப்பர ரெண்டு தடவ படிப்பேன், விளம்பரம் உட்பட. புதுசா ஆரம்பிச்ச வேலை தேடறவங்க உதவித்திட்டம்கூட எனக்கு இல்ல, என் சம்பளம் 5,000 தாண்டியிருந்துச்சு. ஷூ அடி தேஞ்சு ஓட்டை விழுந்துச்சு.

மாட்டிக்கிட்டதும் அந்த நடையாலதான். நடந்தா பாயிண்ட் குடுக்கற ஹெல்தி 365 செயலில பாயிண்ட் சேந்து சூப்பர்மார்க்கெட் வவுச்சர் வந்துச்சு, ஆசையா கைப்பேசிய அவகிட்ட நீட்டினேன், எண்ணெய் வாங்கிக்கன்னு. அவ வாங்கி பாத்துட்டு "ஆபீஸ்ல உக்காந்து வேல பாக்கற ஆளுக்கு செவ்வாக்கிழமை எப்படி 21,000 ஸ்டெப்"னு கேட்டா. அவ்ளோதான்.

அப்ப அவ ஒண்ணும் திட்டல. அதனால முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சிட்டேன். முந்தாநேத்து ராத்திரி நேரா கேட்டேன், நான் மாறிட்டேன்னு சொன்னியே, என்னன்னு. அவ சொல்றா, "நீங்க ஒல்லியானது எனக்கு தெரியுது. அஞ்சு வாரம் தெனம் காலைல பொய் சட்டைய நான்தானே இஸ்திரி போட்டு குடுத்தேன். இப்பவும் நீங்க நடக்க கிளம்பினா எங்க போறீங்கன்னு எனக்கு ஒரு நிமிஷம் வயிறு கலங்குது."

எனக்கு பேச்சே வரல. பால்குடத்த தூக்கிட்டு நேரா போனத பெருமையா இங்க எழுதிக்கிட்டு இருக்கேன்.

நேத்து அவளே சொன்னா, எங்கெல்லாம் நடந்தீங்கன்னு காட்டுங்கன்னு. புக்கிட் தீமா பழைய ஸ்டேஷன் பக்கம் கூட்டிட்டு போனேன். செருப்ப போட்டுட்டு வந்துட்டா, அரை மணி நேரத்துல கால் வலி. நான் உக்காந்த பெஞ்ச், மழைக்கு ஒதுங்கின இடம் எல்லாம் கேட்டு கேட்டு பாத்தா. திரும்பறப்ப ஆளுக்கு ஒரு தே தாரே, சீனி போட்டு. அன்னிக்கு மொத்தம் 4,100 ஸ்டெப்தான்.

பூன்லே அக்கா:

அடுத்த தடவ அவங்களுக்கு நல்ல ஷூ வாங்கி குடுங்க அண்ணே, வவுச்சர்ல இல்ல, உங்க காசுல.

பழைய_சிராங்கூன்:

அந்த ஸ்டேஷன் பக்கத்துல இரும்பு பாலம் இருக்கே, 2011 ஜூன் 30, கடைசி ரயில் போன அன்னிக்கு நானும் வீட்டுக்காரியும் அங்க கூட்டத்துல நின்னோம். அவ மலேசியாவுல ஈப்போக்காரி, கல்யாணம் ஆகி அந்த ரயில்லதான் வந்தா. ரயில் போனப்புறமும் கைய ஆட்டிக்கிட்டே நின்னா. அன்னிக்கு கணக்குல "ஐஸ் கச்சாங் 2" மட்டும் எழுதியிருக்கா, அதான் அந்த துருவின ஐஸ் இனிப்பு, இப்பதான் எடுத்துப் பாத்தேன்.