மருத்துவமனை நிர்வாகத்தில் இருக்கும் நம்மவர்களிடம் ஒரு வேண்டுகோள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 18 ஆண்டுகள் வார்டில் செவிலியராக இருந்த நான், கடந்த ஜனவரி முதல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நாடி பார்க்கக் கற்றுத்தந்தவர்கள் பலர். வரவு செலவுக் கணக்கைப் படிக்கக் கற்றுத்தந்தவர் ஒருவருமில்லை. சென்ற மாதம் ஓர் இரவு, மின்வெட்டின்போது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கும் ஆணையில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்பதே தெரியாமல், தாழ்வாரத்தில் நின்றபடி மூன்று பேருக்குத் தொலைபேசியில் அழைத்தேன்.

சிகாகோவில் 1933இல் தொடங்கிய அமெரிக்கச் சுகாதார நிர்வாகிகள் கல்லூரி என்னும் தொழில்முறைச் சங்கம், தேர்வு வைத்து ஃபெல்லோ என்ற உயர்நிலை உறுப்பினர் தகுதி வழங்குகிறது. நம்மில் எவரேனும் அத்தேர்வை எழுதியதுண்டா? அமெரிக்கச் சூழலுக்கென அமைந்த அத்தேர்வின் பாடம், 2024 மே மாதம் இங்கே கையெழுத்தான தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தை எதிர்கொள்ள எவ்வளவு உதவும் என்ற ஐயம் எனக்கு உண்டு.

சான்றிதழைவிட அவசரமாக வேண்டியது, கேட்க வெட்கப்படும் கேள்விகளையும் கேட்கக்கூடிய ஒரு வட்டம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதிகளில் இப்பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடலாம் (புரட்டாசியில் மட்டும் ஞாயிறு, சனி விரதத்தைக் கெடுத்த பழி எனக்கு வேண்டாம்). மருத்துவமனையின் தரத்தைச் சோதிக்கும் சுகாதாரத் தரநிலை ஆய்வை நேரில் சந்தித்த ஒருவர், எந்தெந்தப் பதிவேடுகளைக் கேட்டார்கள் என்பதை முதல் கூட்டத்தில் விளக்கினால் பேருதவியாக இருக்கும். இசைவுள்ளவர்கள் தனிச்செய்தி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.