புதுப்பிப்பு: போன் தொலைந்தபின் ஓடிபி ஏன் வரவில்லை?

சிம்மை முடக்குங்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், பிறகு சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்தில் ஐஎம்இஐயை (போனின் தனி அடையாள எண்) முடக்குங்கள் என்று முந்தைய இழையில் எழுதியிருந்தோம். பலரும் மாட்டிக்கொள்வது மூன்றாவது படியில்தான்.

அந்தத் தளம் ஓடிபி கேட்கும். ஆனால் அதே எண்ணுக்கு வாங்கிய மாற்று சிம் இயங்கத் தொடங்கி 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. உங்கள் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கும் ‘சிம் மாற்று’ மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. தளத்தின் பழுது அல்ல. அதற்குள் புகார் ரசீது, வாங்கிய பில், ஐஎம்இஐ எண்களை எடுத்து வையுங்கள். இரட்டை சிம் போனுக்கு எண் இரண்டு, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும். போன் கையில் இருப்பவர்கள் இப்போதே *#06# அடித்துக் காகிதத்தில் குறித்துக்கொள்ளலாம். (அதே போனின் நோட்ஸில் வேண்டாமே!)

ஐஎம்இஐ முடக்கம் பணத்தைக் காக்காது. யுபிஐயை நிறுத்த வங்கியைத்தான் அழைக்க வேண்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

திரைப்பூட்டு இருக்கிறதே என்றால், போனை எடுத்தவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே போய்விடும். அதைத் தடுப்பது சிம் பின், அதாவது சிம்முக்கே போடும் ரகசிய எண். அதை முதன்முறை இயக்கும்போது ஏற்கெனவே உள்ள பின்னைக் கேட்கும், ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்கும் பியூகே எண்ணை சிம் நிறுவனத்திடம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

போன் திரும்பக் கிடைத்தால், காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, முடக்கியபோது கிடைத்த கோரிக்கை எண்ணை வைத்துத் தளத்தில் முடக்கத்தை நீக்குங்கள். அதுவரை வைஃபை மட்டும் ஓடும்.