சீழ் பிடிக்கிற புண்ணுக்கு எந்த ஆயின்மெண்ட்? போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

அப்பாவுக்கு சுகர், கால்ல ஒரு சிராய்ப்பு வந்தாக்கூட சீழ் வச்சிடும், அதனால எங்க வீட்டு அலமாரி பூரா ட்யூப்தான். போன தடவை கணுக்கால்ல ஒரு புண்ணு, நியோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக் இருக்கிற ஆயின்மெண்ட் போட்டுட்டு வந்தோம், நல்லா காஞ்சிட்டு வந்தது திடீர்னு சுத்தி செவந்து நீர் கசிய ஆரம்பிச்சுடுச்சு. சீழ் பிடிச்சிடுச்சு, இன்னும் கொஞ்சம் கெட்டியா அப்புன்னு அம்மா சொல்றாங்க. ஆனா அப்பா வலிக்குதுன்னே சொல்லல, அரிக்குது அரிக்குதுன்னுதான் சொன்னார். டாக்டரும் முதல்ல கேட்டது அதத்தான், வலியா அரிப்பான்னு. பார்த்தா செவப்பு மருந்து பூசின இடத்தோட நின்னுடுச்சு, ஓரத்துல பொடிப்பொடியா கொப்புளம். அலர்ஜி! நியோமைசினுக்கு இது ரொம்ப சகஜமாம், அமெரிக்கால தோல் அலர்ஜி டாக்டர்கள் சங்கம் 2010ஆம் வருஷத்து அலர்ஜிப் பொருள்னு இதைத்தான் அறிவிச்சாங்க. ஃப்ராமைசெட்டின்னு எழுதியிருக்கிற க்ரீமும் அதே குடும்பம்தான், அதனால ட்யூப மாத்திட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, பின்னாடி பொடி எழுத்துல இருக்கிறத படிங்க.

அதுக்கப்புறம் மியூபிரோசின் 2%னு வேற ஆன்டிபயாடிக் ஆயின்மெண்ட் எழுதிக் கொடுத்தாங்க. மஞ்சளா பொருக்கு தட்டுற புண்ணுக்கு அது நல்லா கேக்குது. ஆனா 10 நாளைக்கு மேல இழுக்கக் கூடாது, இழுத்தா கிருமி அதுக்குப் பழகிடும், அப்புறம் நிஜமா தேவைப்படும்போது வேலை செய்யாது.

இதே மாதிரி சீழ்னு நினைச்சு ஏமாந்தது எனக்கும் ஒரு தீக்காயத்துல ஆச்சு. சில்வர் சல்ஃபாடயஸின் 1% போட்டுக் கட்டினாங்க, மறுநாள் கட்டு பிரிச்சா புண்ணு மேல மஞ்சளா கொழகொழன்னு ஒரு படலம், சீழ்தான்னு எனக்கு அழுகையே வந்துடுச்சு. நர்ஸ் அக்கா சலைன் ஊத்தி காஸால மெதுவா வழிச்சு எடுத்தாங்க, உள்ள நல்ல ரோஸ் கலர் சதை. க்ரீமும் புண்ணு நீரும் கலந்தா அப்படித்தான் ஆகுமாம். சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க இதைத் தொடாதீங்க. சின்ன தீக்காயத்துக்கு இப்ப நிறைய டாக்டர்ஸ் இதை எழுதறதில்ல, ஆற லேட்டாகுதுன்னு.

சீழ் இல்லாத சுத்தமான காயத்துக்கு எதுக்குங்க ஆன்டிபயாடிக்? வாசலின் போதும். 1996ல ஒரு ஆய்வு வந்துச்சு, தோல்ல சின்ன ஆபரேஷன் பண்ணின 900 பேருக்கு மேல, பாதிப் பேருக்கு வெறும் வாசலின், மீதிப் பேருக்கு பாசிட்ராசின்ங்கிற ஆன்டிபயாடிக் ஆயின்மெண்ட், சீழ் பிடிச்சதுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசமே இல்ல, அலர்ஜி வந்தது பாசிட்ராசின் போட்டவங்களுக்கு மட்டும்தான். சோப்பு தண்ணில கழுவி, தடவி, மூடி வச்சாலே பாதி வேலை முடிஞ்சது. ஸ்டீராய்டு கலந்த படை க்ரீம புண்ணுல தடவறவங்கள பார்த்தாதான் எனக்கு பத்திக்கிட்டு வருது!

வாசலின் போதும்னு சொன்னேன், ஆனா சுகர் கால் புண்ணுக்கு அந்தக் கணக்கு வேணாம்ங்க, அது எவ்ளோ சின்னதா இருந்தாலும் காட்டிடுங்க. செவப்பு மேல ஏறுது, தொட்டா சுடுது, தொடை இடுக்குல நெறி கட்டுது, காய்ச்சல் அடிக்குதுன்னா எந்த ட்யூபும் பத்தாது, உள்ளுக்கு மருந்து வேணும். அப்புறம் போவிடோன் அயோடின் யாராச்சும் நாள்கணக்கா போட்டிருக்கீங்களா? அம்மாவுக்கு தைராய்டு இருக்கு, பெரிய புண்ணுல ரொம்ப நாள் போடக் கூடாதுன்னாங்க, வேற என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க.