மாருதி 800: 75-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

மஞ்சக்குப்பத்துக்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2005 மாடல் மாருதி 800. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனசில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பழைய சாலையில், ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம் வழியாகப் போகும்போது ஒரு தொல்லையும் இல்லை. அங்கே 50-க்கு மேல் போக யார் விடுகிறார்கள்? நாகப்பட்டினம் போகும் நான்குவழிச் சாலையில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. 75-இல் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பிக்கிறது, 85 தாண்டினால் கொஞ்சம் அடங்குகிறது. பிரேக் பிடித்தால் கூடுவதில்லை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தாயிற்று, மாற்றம் இல்லை. ஒரு பட்டறையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), ஆக்சில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆம்னி ஓட்டி:
முன்பக்க சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றிவிடுங்கள் அண்ணே. பழைய வண்டி, எப்படியும் ஒருநாள் செய்யவேண்டியதுதான்.

பாகூர் பட்டறை:
தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது.

பிரேக்கில் கூடவில்லை, அதனால் டிஸ்க்கை விட்டுவிடலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து, தாண்டினால் அடங்குகிறது என்றால் முதல் சந்தேகம் சக்கரத்தின் மேல்தான். உங்கள் 12 அங்குலச் சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றும். ரிம் ஓரத்தில் எடை 20 கிராம் ஏறுமாறாக இருந்தால்கூட அந்த வேகத்தில் இரண்டு கிலோவுக்கு மேலான இழுப்பாக மாறும். 40-இல் அதில் கால்வாசிதான். பழைய சாலையில் உங்களுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அலைன்மென்ட் தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். நடுக்கத்துக்கு அதைப் பார்ப்பது தலைவலிக்குக் காலில் தைலம் தேய்ப்பது மாதிரி. டை ராட் எண்டிலும் பால் ஜாயிண்டிலும் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு) ஆட்டம் இருந்தால் நடுக்கம் கைக்குப் பெரிதாக வரும், அது உண்மை. ஆனால் நடுக்கம் பிறக்கும் இடம் பெரும்பாலும் வேறு.

முதலில் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். நம் பக்கத்து வயல்வெளிச் சேறு உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் பேலன்சிங் (ரிம்மில் சிறு வெயிட் அடித்துச் சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது) எல்லாம் வீண். உப்புக்காற்றில் ரிம் துருப்பிடித்து ஈய வெயிட் கழன்று விழுவதும் உண்டு. அப்புறம் ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டு வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பவே கூடாது), சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயர் அருகே ஒரு சாக்பீஸை அசையாமல் பிடியுங்கள். ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டயர் புடைத்திருக்கிறது அல்லது ரிம் வளைந்திருக்கிறது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் தெரியும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட்.

ஆக்சிலைக் கழற்றுமுன் ஒன்று செய்யுங்கள். பின்னால் வண்டி வராத நேரத்தில், 80-இல் ஆக்சிலரேட்டரை விட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது. நடுக்கம் சட்டென்று நின்றால் ஆக்சிலின் உள்ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். அப்படியே தொடர்ந்தால் சக்கரம்தான். கடைசியாக முன்டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பத்துக்காரன்:
நியூட்ரலிலும் நடுக்கம் நிற்கவில்லை. ரிம்மில் சேறு இல்லை. சாக்பீஸ் பிடித்ததில் இடது முன்டயர் ஓர் இடத்தில் மட்டும் உரசியது. பின்னால் மாற்றியதும் ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, இப்போது சீட்டுக்கு அடியில் அதிர்கிறது. டயரின் பக்கவாட்டில் 1116 என்று இருக்கிறது. டயரில் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேற்கட்டை) இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, பேலன்சிங் மட்டும் செய்து ஓட்டலாமா?

பாகூர் பட்டறை:
அது 2016-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் இருந்து என்ன, உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டால் எத்தனை வெயிட் அடித்தாலும் உருண்டை ஆகாது. வேகத்தில் வெடிக்கவும் செய்யும். மாற்றும்வரை ஸ்டெப்னியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதன் வயதையும் பார்த்துவிட்டு. லோயர் ஆர்ம், ஆக்சில் எதையும் தொடவேண்டாம்.

ஆம்னி ஓட்டி:
இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால்தானே போடவேண்டும்? இழுப்பது முன்சக்கரம்தானே.

பாகூர் பட்டறை:
பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். நான் பின்னால்தான் போடுவேன். மழைத் தண்ணீரில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். பின்னுக்குப் போகும் ஜோடியில் பேலன்சிங்கையும் விடாமல் செய்யச் சொல்லுங்கள், முன்னால் மட்டும் போதும் என்று கடையில் சொல்வார்கள்.